செய்தித்தாளில் அச்சான இரகசியம்

1936 ஆம் ஆண்டு பிப்ரவரி 8 ஆம் நாள், அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் உள்ள ரிட்ஸ்-கார்ல்டன் விடுதியில் ஒன்பது கால்பந்து அணிகளைச் சேர்ந்தவர்கள் கூடினார்கள். கரும்பலகையில் தொண்ணூறு கல்லூரி வீரர்களின் பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. ஒவ்வோர் அணியும் தன் முறை வரும்போது ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். சொல்லப்பட்ட வீரரோடு ஒப்பந்தம் பேசும் உரிமை அந்த அணிக்கு மட்டுமே உண்டு. மூன்றாவது முறை பிட்ஸ்பர்க் அணிக்கு வந்தது. அவர்கள் சொன்ன பெயர் வில்லியம் ஷேக்ஸ்பியர்.

நாடகாசிரியருக்கும் இவருக்கும் பெயரைத் தவிர வேறு பொருத்தமில்லை. நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் ஆட்டக்காரர் இவர். 1935 இல் ஒஹாயோ ஸ்டேட் அணிக்கு எதிராகக் கடைசி நேரத்தில் எறிந்த ஒரே பந்தால் நாடறிந்த புகழை அடைந்தவர். ஆனால் தொழில்முறைக் கால்பந்தை அவர் ஒரு நாளும் ஆடவில்லை. வணிகத் துறைக்குப் போய்விட்டார். அன்று முதல் பெயராகச் சொல்லப்பட்ட ஜே பெர்வாங்கரும் ஆடவில்லை. நுரைரப்பர் விற்கும் வேலை அவருக்கு மேலானதாகப் பட்டது. டிராஃப்ட் என்று அமெரிக்கர்கள் இன்று ஒரு திருவிழாவைப் போலக் கொண்டாடும் சடங்கின் தொடக்கம் இவ்வளவுதான்.

இந்த முறையை முன்மொழிந்தவர் பெர்ட் பெல், ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணியின் உரிமையாளர். மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஸ்டான் கோஸ்ட்கா என்ற வீரரைச் சேர்க்கப் போய், அதிகப் பணம் கொடுக்க முன்வந்த புரூக்ளின் அணியிடம் தோற்ற அனுபவம் அவருக்கு உண்டு. பணமுள்ள அணியே எப்போதும் நல்ல வீரர்களைப் பெறும். நல்ல வீரர்களைப் பெறும் அணியே வெல்லும். வெல்லும் அணிக்கே பணம் சேரும். இந்தச் சுழலை உடைக்க அவர் கண்ட வழி எளிமையானது. கடந்த பருவத்தில் கடைசி இடத்தில் இருந்த அணி முதலில் தேர்ந்தெடுக்கட்டும். முதலிடத்தில் இருந்த அணி கடைசியாகத் தேர்ந்தெடுக்கட்டும். ஐபிஎல் ஏலத்தைப் பார்த்துப் பழகிய நமக்கு இது தலைகீழான ஏற்பாடு. அங்கே பணப்பை பேசுகிறது. இங்கே தோல்வியே தகுதி.

இவ்வளவு நியாயமான ஏற்பாட்டில் ஒரு புதிர் உண்டு. தோற்றவர்களுக்குச் சாதகமான விதி என்றால், அந்த விதியால் மிகுதியாகப் பயனடைந்திருக்க வேண்டிய அணி பிட்ஸ்பர்க்தான். 1933 இல் ஆர்ட் ரூனி தொடங்கிய அந்த அணி, நகரின் எஃகு ஆலைகளை நினைவூட்டும் வகையில் 1940 இல் ஸ்டீலர்ஸ் என்று பெயர் மாறியது. பெயர்தான் மாறியது. 1972 க்கு முன்பு சாம்பியன் பட்டத்துக்கான வெளியேற்றுச் சுற்றுக்கு அது வந்தது ஒரே ஒரு முறை, 1947 இல். அந்த ஒரே ஆட்டத்திலும் ஒரு புள்ளிகூட எடுக்காமல் 0-21 என்று தோற்றது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் வரிசையின் முன்பகுதியில் நின்றும் கைக்கு எதுவும் வந்து சேரவில்லை. பிறகு, 1969 முதல் 1974 வரையிலான ஆறே ஆண்டுகளில், அதே விதியின் கீழ் அமெரிக்கக் கால்பந்து வரலாற்றின் மிகச் சிறந்த அணிகளுள் ஒன்றை அது கட்டியெழுப்பியது. விதி மாறவில்லை என்றால் மாறியது எது என்பதே இங்கு நம் கேள்வி.

*

ஆட்டத்தைப் பற்றிச் சில சொற்கள். பெயரில் கால் இருந்தாலும் இது பெரும்பாலும் கையால் ஆடப்படுவது. தாக்குவதற்குப் பதினொருவர், தடுப்பதற்கு வேறு பதினொருவர் என்று ஒவ்வோர் அணியும் இரண்டு தனிப் படைகளை வைத்திருக்கும். தாக்கும் படை நான்கு முயற்சிகளுக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சிகள். படையின் மூளை குவார்ட்டர்பேக். பந்தை எறிபவர் அல்லது கொடுப்பவர் அவரே. வாங்கிக்கொண்டு ஓடுபவர் ரன்னிங் பேக். தொலைவில் ஓடிப் பந்தைப் பிடிப்பவர் ரிசீவர். இவர்களுக்கு முன்னால் ஐந்து பேர் சுவராக நிற்பார்கள். அந்த ஐவரின் நடுவில் குனிந்து நின்று பந்தைப் பின்னால் கொடுப்பவர் சென்டர். புகைப்படங்களில் ரிசீவரின் முகம் இருக்கும். சென்டரின் முதுகு இருக்கும்.

ஸ்டீலர்ஸின் தடுப்புப் படையைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டிருக்கிறது. தாக்கும் படை உருவான கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அந்தக் கதையை அவர்கள் இழந்தவர்களிடமிருந்து தொடங்குவதே முறை.

1955 இல் ஒன்பதாவது சுற்றில் ஜானி யுனைட்டஸ் என்ற குவார்ட்டர்பேக்கைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் பிட்ஸ்பர்க்கிலேயே பிறந்து வளர்ந்தவர். பருவம் தொடங்கும் முன்பே அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆட்டத்துக்கு 6 டாலர் கூலியில் உள்ளூர் மைதானமொன்றில் ஆடிக்கொண்டிருந்த அவரை அடுத்த ஆண்டு பால்டிமோர் அணி அழைத்துக்கொண்டது. 1958 இல் அந்த அணி அவர் தலைமையில் சாம்பியன் ஆனது. 1956 டிராஃப்டின் முதல் பெயரைச் சொல்லும் வாய்ப்பு பிட்ஸ்பர்க்குக்குக் கிடைத்தது. கேரி கிளிக் என்ற கொலராடோ வீரரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் ஆடி யாரும் பார்த்ததில்லை. அவருடைய பயிற்சியாளர் எழுதிய கடிதம் ஒன்றை நம்பிச் சொன்ன பெயர் அது. 1957 இல் ஐந்தாவது முறை அவர்களுடையது. லென் டாசன் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தார்கள். அடுத்த முறை வந்த கிளீவ்லாந்து ஜிம் பிரவுனை எடுத்தது. ஓட்டத்தில் இணையற்றவர் என்று இன்றும் பேசப்படுபவர் பிரவுன். டாசனும் பெரிய ஆட்டக்காரராக மலர்ந்தார், ஆனால் பிட்ஸ்பர்க் அவரைக் கைமாற்றி அனுப்பிய பிறகு. அதற்குள் பயிற்சியாளராக வந்திருந்த பட்டி பார்க்கருக்கு இளைஞர்களைக் கண்டாலே ஆகாது. எதிர்காலத் தேர்வுரிமைகளை மற்ற அணிகளுக்கு விற்று முதிய வீரர்களை வாங்கினார். விதைநெல்லைக் குத்திச் சமைத்த கதைதான்.

*

1969 ஜனவரியில் சக் நோல் பயிற்சியாளராக வந்தார். அவருக்கு வயது 37. ஐம்பதுகளில் கிளீவ்லாந்தில் கார்டாக ஆடியவர். ஒவ்வோர் ஆட்டத் திட்டத்தையும் பயிற்சியாளரிடமிருந்து கேட்டு உள்ளே ஓடிச் சொல்லும் தூதுவர் வேலையும் அவருக்கு இருந்தது. ஒவ்வொருவரும் எங்கே நிற்க வேண்டும், ஏன் நிற்க வேண்டும் என்பதை அந்த ஓட்டங்களில் கற்றார் எனலாம். முதல் கூட்டத்திலேயே, நீங்கள் தோற்பதற்குக் காரணம் உங்களில் பலருக்குத் திறமை போதாது என்பதே என்று வீரர்களிடம் சொன்னதாகக் கூறுவார்கள். முதல் ஆண்டில் முதல் ஆட்டத்தை வென்றார். அடுத்த பதின்மூன்று ஆட்டங்களையும் தோற்றார். அவர் கலங்கியதாகத் தெரியவில்லை. முதியவர்களை வாங்கி ஒட்டுப்போடுவதில்லை, டிராஃப்ட் மூலம் மட்டுமே கட்டுவது என்ற முடிவோடு வந்தவர் அவர்.

அந்த ஆண்டு சிகாகோ பேர்ஸ் அணியும் பதின்மூன்று ஆட்டங்களைத் தோற்றிருந்தது. அவர்கள் வென்ற ஒரே ஆட்டம் பிட்ஸ்பர்க்குக்கு எதிரானது. சமமான இரண்டு தோல்வியாளர்களில் முதல் உரிமை யாருக்கு? 1970 ஜனவரி 9 அன்று நியூ ஆர்லியன்ஸில் நாணயம் சுண்டினார்கள். சிகாகோ தலை கேட்டது, பூ விழுந்தது. இரண்டு நாட்கள் கழித்து அதே நகரில் நடந்த நான்காவது சூப்பர் பௌல் இறுதியாட்டத்தில் கான்சாஸ் சிட்டி வென்றது. சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்றவர் பிட்ஸ்பர்க் கைவிட்ட லென் டாசன்.

சுண்டிய நாணயம் கொடுத்தது டெர்ரி பிராட்ஷா என்ற லூசியானா இளைஞரை. வலிமையான கை, முதிராத மனம். முதல் ஆண்டில் அவர் எறிந்த பந்துகளில் 6 மட்டுமே டச்டவுன் ஆயின. 24 எதிரணியினர் கைக்குப் போயின. பார்வையாளர்கள் அவரைக் கேலி செய்தார்கள். முதல் பெயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்ற பட்டம் அவருக்கு நெடுநாள் சுமையாகவே இருந்தது. நாணயம் ஒரு மனிதரைக் கொடுக்கும். ஒரு படையைக் கொடுக்காது.

*

இனி இந்தக் கதையின் மையத்துக்கு வருவோம். மையத்தில் இருப்பவர் ஒரு பத்திரிகையாளர்.

பிட்ஸ்பர்க் கூரியர், அமெரிக்கக் கறுப்பின மக்களின் மிக முக்கியமான வார இதழ்களுள் ஒன்று. 1907 இல் தொடங்கப்பட்டு, நாடு முழுவதும் வாசிக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது வெளிநாட்டில் பாசிசத்துக்கு எதிராகவும் உள்நாட்டில் நிறவெறிக்கு எதிராகவும் வெற்றி வேண்டும் என்ற இரட்டை வெற்றி இயக்கத்தை நடத்தியது அதுதான். பேஸ்பாலில் ஜாக்கி ராபின்சன் நுழைவதற்காகத் தொடர்ந்து எழுதிய வெண்டல் ஸ்மித் அதன் விளையாட்டுப் பக்கத்தைச் சேர்ந்தவர். அந்த மரபில் வந்தவர் பில் நன். அவர் தந்தையும் கூரியரின் நிர்வாக ஆசிரியராக இருந்தவர். நல்ல கூடைப்பந்து வீரரான பில் நன்னை ஹார்லம் குளோப்டிராட்டர்ஸ் குழு அழைத்தது. அவர் செய்தித்தாளைத் தேர்ந்தெடுத்தார்.

ஆண்டுதோறும் அவர் கறுப்பினக் கல்லூரிகளின் கால்பந்து வீரர்களிலிருந்து ஒரு நட்சத்திர அணியைத் தெரிவுசெய்து வெளியிட்டார். இதன் பொருளை உணர அன்றைய தென் மாநிலங்களின் நிலையை நினைவுகூர வேண்டும். தெற்கின் பெரிய பல்கலைக்கழக அணிகள் கறுப்பின மாணவர்களைச் சேர்க்கவில்லை. அலபாமா பல்கலைக்கழக அணியின் உடையில் ஒரு கறுப்பின வீரர் களமிறங்கியது 1971 இல்தான். ஆகவே தெற்கின் மிகச் சிறந்த வீரர்கள் பலர் கிராம்ப்ளிங், சதர்ன், டென்னசி ஸ்டேட், அலபாமா ஏ அண்ட் எம் போன்ற கறுப்பினக் கல்லூரிகளில் ஆடினார்கள். தொழில்முறை அணிகளின் ஆள்தேடுநர்கள் அங்கே அரிதாகவே போனார்கள். தொழில்முறைக் கால்பந்தே 1934 முதல் 1945 வரை கறுப்பினத்தவர் ஒருவரையும் சேர்க்காமல் இருந்தது என்பதை மறக்கக் கூடாது. கதவு திறந்த பின்னும் கண் திறக்க நாளாயிற்று.

நன் பேருந்திலும் காரிலும் அந்தக் கல்லூரிகளுக்குப் போனார். பயிற்சியாளர்களோடு உண்டார், உறவாடினார். யார் வேகம், யாருக்குக் காலில் பழுது, யார் வீட்டில் என்ன கஷ்டம் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவர் தெரிந்துகொண்டதன் சாரம் ஆண்டுதோறும் அச்சாகித் தெருமுனையில் விற்றது. எந்த அணியும் அந்த இதழை வாங்கிப் படித்திருக்கலாம். இதுதான் இந்த வரலாற்றின் வியப்பு. இரகசியம் பூட்டிய பெட்டியில் இல்லை. செய்தித்தாளில் அச்சாகிக் கிடந்தது. அதை ஒரு செய்தியாக மதிக்கும் மனம்தான் யாரிடமும் இல்லை.

தம் ஊர் அணியான ஸ்டீலர்ஸின் மீது நன்னுக்குக் கோபம் உண்டு. கறுப்பின விளையாட்டுச் செய்தியாளர்களை அவர்கள் நடத்திய விதமும் அவருக்குப் பிடிக்கவில்லை. அவர் அந்த அணியின் மைதானப் பக்கமே போவதில்லை என்பதை அறிந்த டான் ரூனி, உரிமையாளரின் மூத்த மகன், அவரை அழைத்துக் காரணம் கேட்டார். இப்படியே போனால் உங்கள் அணி ஒரு நாளும் வெல்லாது என்ற கருத்தில் நன் பேசினார். குறை சொல்பவரை வெளியே அனுப்புவதுதான் உலக வழக்கம். டான் ரூனி அவருக்கு வேலை கொடுத்தார். 1960களின் இறுதியில் பகுதிநேரமாகத் தொடங்கிய நன், பிறகு முழுநேர ஆள்தேடுநர் ஆனார்.

அப்போது பல அணிகள் செலவைக் குறைப்பதற்காகக் கூட்டாக ஆள்தேடும் அமைப்புகளில் சேர்ந்திருந்தன. பிட்ஸ்பர்க்கும் அப்படி ஒன்றில் இருந்தது. கூட்டறிக்கை எல்லோர் மேசையிலும் இருக்கும். எல்லோருக்கும் தெரிந்ததால் யாருக்கும் இலாபமில்லை. நன்னின் குறிப்பேடோ ஒரே ஓர் அணியின் மேசையில் இருந்தது. ஆர்ட் ரூனி ஜூனியர் தலைமையில் இயங்கிய ஆள்தேடும் பிரிவுக்கு அவர் கொண்டுவந்தது பட்டியலை மட்டும் அல்ல. மற்ற அணிகளைச் சேர்ந்தவர்கள் அந்நியர்களாகப் போய் நின்ற கல்லூரிகளில் அவர் வீட்டு மனிதராக வரவேற்கப்பட்டார்.

*

படை மெல்ல உருவாயிற்று. 1971 இல் முதல் சுற்றில் கிராம்ப்ளிங் கல்லூரியின் ஃபிராங்க் லூயிஸ் என்ற ரிசீவர் வந்தார். அதே ஆண்டு நான்காவது சுற்றில் கெர்ரி மல்லின்ஸ், ஐந்தாவது சுற்றில் லாரி பிரவுன். மல்லின்ஸ் கல்லூரியில் வேறு இடத்தில் ஆடியவர். நோல் அவரைக் கார்டாக மாற்றினார். முன்வரிசைச் சுவருக்கு மலை போன்ற உடல்களை மற்றவர்கள் தேடியபோது, நோல் சற்றே இலேசான, வேகமான கால்களைத் தேடினார். அவருக்குப் பிடித்த உத்தி டிராப் எனப்படும் பொறி. எதிரணியின் தடுப்பாளரை வேண்டுமென்றே உள்ளே வரவிட்டு, அவர் எதிர்பாராத கோணத்திலிருந்து வேறொருவர் குறுக்கே ஓடிவந்து தள்ளுவது. பருத்தவர் குறுக்கே ஓட முடியாது. மற்றவர்கள் சிறியவர் என்று தள்ளிய வீரர்கள் நோலுக்குப் பொருத்தமானவர்களாக இருந்ததன் இரகசியம் இதுவே. எந்த ஆட்டம் ஆடப்போகிறோம் என்று தெரிந்தவருக்கே எந்த ஆள் வேண்டும் என்று தெரியும்.

1972 இல் முதல் சுற்றில் ஒரு வாக்குவாதம் நடந்தது. நோலின் மனம் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் நியூஹவுஸ் பக்கம் சாய்ந்திருந்தது. ஆர்ட் ரூனி ஜூனியரின் தரப்போ பென் ஸ்டேட்டின் ஃபிராங்கோ ஹாரிஸை வற்புறுத்தியது. நோல் விட்டுக்கொடுத்தார். ஹாரிஸ் முதல் ஆண்டிலேயே 1,055 கெஜம் ஓடினார். கறுப்பின அமெரிக்கப் படைவீரருக்கும் இத்தாலியத் தாய்க்கும் பிறந்தவர் அவர். நகரின் இத்தாலிய வம்சாவளியினர் ஃபிராங்கோவின் இத்தாலியப் படை என்று பெயரிட்டுக்கொண்டு மைதானத்துக்கு வந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 23 அன்று ஓக்லாந்துக்கு எதிரான ஆட்டத்தின் கடைசி நொடிகளில், பிராட்ஷா எறிந்த பந்து மோதித் தெறித்துத் தரையைத் தொடவிருந்தபோது ஹாரிஸ் அதை அள்ளிக்கொண்டு ஓடிய காட்சியை அமெரிக்கர்கள் இன்றும் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள். வெளியேற்றுச் சுற்றில் பிட்ஸ்பர்க் பெற்ற முதல் வெற்றி அது. பந்து வேறு யாரையும் தேடிப் போகாமல் ஹாரிஸிடம் வந்தது அதிர்ஷ்டம். அவர் நிற்காமல் ஓடிவந்துகொண்டிருந்தது அதிர்ஷ்டம் அல்ல.

ஹாரிஸுக்குத் துணையாக நின்ற ராக்கி பிளையரின் கதை தனி. அவர் நோலுக்கு முன்பே, 1968 இல், பதினாறாவது சுற்றில் எடுக்கப்பட்டவர். ஆங்கிலத்தில் டிராஃப்ட் என்ற சொல்லுக்குக் கட்டாய இராணுவச் சேர்க்கை என்றும் பொருள். அந்த இரண்டாவது டிராஃப்டும் அதே ஆண்டில் அவரைத் தேர்ந்தெடுத்தது. 1969 ஆகஸ்டில் வியட்நாமில் ஒரு காலில் குண்டும் மற்றதில் கையெறிகுண்டுச் சிதறலும் பாய்ந்தன. நடப்பதே கடினம் என்ற நிலையில் திரும்பியவரை ரூனி குடும்பம் கைவிடவில்லை. 1974 இல் அவர் தொடக்க ஆட்டக்காரர் ஆனார். 1976 இல் அவரும் ஹாரிஸும் தலைக்கு ஆயிரம் கெஜத்துக்கு மேல் ஓடினார்கள்.

1974 ஜனவரி 29 அன்று தொடங்கிய டிராஃப்ட் இந்தக் கதையின் உச்சம். அலபாமா ஏ அண்ட் எம் கல்லூரியின் ரிசீவர் ஜான் ஸ்டால்வர்த்தை நன் முன்பே கண்டிருந்தார். டஸ்கலூசாவில் பிறந்தவர் ஸ்டால்வர்த். அலபாமா பல்கலைக்கழகம் இருக்கும் ஊர் அது. ஆள்தேடுநர்கள் பலர் ஒன்றாகப் போய் ஈரத்தரையில் அவரை ஓடவிட்டு நேரம் பார்த்தார்கள். நேரம் சிலாக்கியமாக இல்லை. மற்றவர்கள் கிளம்பினார்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லி நன் ஒரு நாள் தங்கினார் என்றும், மறுநாள் உலர்ந்த தரையில் ஓடவிட்டு நல்ல நேரத்தைக் குறித்துக்கொண்டார் என்றும் சொல்வார்கள். கல்லூரி கொடுத்த ஆட்டப் படச்சுருள் மற்ற அணிகளுக்குப் போகாமல் பிட்ஸ்பர்க்கிலேயே தங்கிவிட்டது என்பதும் அந்தக் கதையின் பகுதி. அறத்தின் கண்ணில் இது சரியா என்று கேட்கலாம். அந்தக் கல்லூரிக்கு இன்னொரு முறை போகும் சிரமத்தை மற்ற அணிகள் எடுத்திருந்தால் அந்தத் தந்திரம் எடுபட்டிருக்காது என்பதே பதில்.

நோல் முதல் சுற்றிலேயே ஸ்டால்வர்த் வேண்டும் என்றார். அவர் மற்றவர்கள் கண்ணில் படவில்லை, காத்திருக்கலாம் என்றார்கள் ஆள்தேடுநர்கள். முதல் சுற்றில் 21 ஆவது பெயராகத் தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற ரிசீவர் லின் ஸ்வான். இரண்டாவது சுற்றில் தடுப்பு வீரர் ஜாக் லாம்பர்ட். மூன்றாவது சுற்றின் உரிமை முன்பே வேறோர் அணிக்குக் கைமாறியிருந்தது. அந்தச் சுற்று முழுவதும் நோல் காத்திருந்தார். 82 ஆவது பெயராக, நான்காவது சுற்றில், ஸ்டால்வர்த் இன்னும் மிச்சமிருந்தார். ஐந்தாவது சுற்றில், 125 ஆவது பெயராக, விஸ்கான்சினின் சென்டர் மைக் வெப்ஸ்டர். உருவம் போதாது என்று பலர் ஒதுக்கியவர். நால்வரும் பின்னாளில் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றார்கள். ஒரே ஆண்டில் அப்படி நால்வரைத் தேர்ந்தெடுக்கும் பேறு வேறெந்த அணிக்கும் வாய்க்கவில்லை. டிராஃப்டில் யாருமே எடுக்காத தென் கரோலினா ஸ்டேட் கல்லூரியின் டானி ஷெல்லும் அவ்வாண்டு நன் வழியாகவே வந்தார். 2020 ஆம் ஆண்டுத் தெரிவில் அவரும் புகழ்மண்டபத்துக்குள் சேர்ந்தார்.

*

1974 கோடையில் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பயிற்சி முகாமில் புதியவர்களுக்கு அதனால் மிகுந்த வாய்ப்புக் கிடைத்தது. முகாமுக்கு வந்த இன்னொருவர் ஜோ கில்லியம். டென்னசி ஸ்டேட் கல்லூரியின் குவார்ட்டர்பேக். 1972 இல் பதினோராவது சுற்றில் எடுக்கப்பட்டவர். கறுப்பினத்தவர் ஓடலாம், பிடிக்கலாம், ஆனால் ஆட்டத்தைச் சிந்தித்து நடத்த முடியாது என்ற எண்ணம் ஊறிப்போயிருந்த காலம் அது. கல்லூரியில் குவார்ட்டர்பேக்காக இருந்த கறுப்பின வீரர்கள் தொழில்முறைக்கு வந்ததும் வேறு இடங்களுக்கு மாற்றப்படுவது வழக்கம். நோல் பிராட்ஷாவை உட்காரவைத்துவிட்டுக் கில்லியமைத் தொடக்க ஆட்டக்காரராக அறிவித்தார். முதல் ஆட்டத்தில் பால்டிமோரை 30-0 என்று வென்றார்கள். ஆறு ஆட்டங்களில் நான்கு வெற்றி, ஒரு தோல்வி, ஒரு சமன். நாடு தழுவிய இதழின் அட்டையில் அவர் படம் வந்தது. கொலைமிரட்டல் கடிதங்களும் வந்தன.

ஏழாவது ஆட்டத்தில் பிராட்ஷா திரும்ப அழைக்கப்பட்டார். கில்லியம் மிகுதியாகப் பந்தை எறிகிறார், ஓட்ட ஆட்டத்தைப் புறக்கணிக்கிறார் என்பது நோலின் குறை. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் 24 பந்துகளை எதிரணிக்குக் கொடுத்த பிராட்ஷாவுக்கு நான்கு பருவங்கள் கிடைத்தன. ஒரே ஆட்டம் தோற்ற கில்லியமுக்கு ஆறு வாரங்கள். நாணயம் சுண்டிப் பெற்ற முதல் பெயருக்கும் 273 ஆவது பெயருக்கும் உள்ள தொலைவு, தேர்வு முடிந்த பின்னும் மறைவதில்லை.

1975 ஜனவரி 12 அன்று நியூ ஆர்லியன்ஸில் மினசோட்டாவை 16-6 என்று வென்று பிட்ஸ்பர்க் முதல்முறையாகச் சாம்பியன் ஆனது. ஹாரிஸ் 158 கெஜம் ஓடினார். மினசோட்டா அணி முழுவதும் சேர்ந்து ஓடியது 17 கெஜம். ஐந்தாவது சுற்றில் வந்த லாரி பிரவுன், பிராட்ஷா எறிந்ததைப் பிடித்து வெற்றியை உறுதிசெய்தார். ஸ்வானும் ஸ்டால்வர்த்தும் அன்று இன்னும் இரண்டாம் வரிசையில்தான் இருந்தார்கள். அவர்கள் முன்வரிசைக்கு வந்த பிறகு மேலும் மூன்று பட்டங்கள் சேர்ந்தன. 1976 ஜனவரி இறுதியாட்டத்தின் சிறந்த வீரர் ஸ்வான். 1978 இல் ரிசீவர்களை நெடுந்தூரம் இடித்துத் தடுப்பதை விதி தடைசெய்த பிறகு பிராட்ஷாவின் கை முழுமையாக விடுதலை பெற்றது. 1980 ஜனவரியில் நான்காவது பட்டத்தை வென்ற அணியில் இருந்த எவரும் அதற்கு முன் வேறு எந்தத் தொழில்முறைக் கால்பந்து அணிக்கும் ஆடியவர் இல்லை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வாங்கிச் சேர்த்த படை அல்ல. விதைத்து வளர்த்த படை.

*

இங்கே முடித்தால் இது வெற்றிக் கதையாக முடியும். வரலாறு அப்படி முடிவதில்லை.

கில்லியம் 1975 க்குப் பிறகு இந்தக் களத்தில் ஆடவில்லை. போதைப்பழக்கத்தோடு நெடுங்காலம் போராடினார். சில காலம் தெருவில் வாழ்ந்தார். 2000 ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில், ஐம்பதாவது பிறந்தநாளுக்கு நான்கு நாட்கள் முன்பு இறந்தார்.

வெப்ஸ்டர் பதினேழு பருவங்கள் ஆடினார். ஒவ்வொரு முயற்சியின் தொடக்கத்திலும் தலையால் முட்டி மோதுவது சென்டரின் வேலை. எத்தனை ஆயிரம் மோதல்கள் என்று யாரும் எண்ணவில்லை. ஓய்வுக்குப் பின் நினைவு குழம்பி, வீடிழந்து, வாகனத்தில் உறங்கிய நாட்கள் அவருக்கு உண்டு. 2002 செப்டம்பர் 24 அன்று ஐம்பதாவது வயதில் இறந்தார். ஸ்டால்வர்த் புகழ்மண்டபத்தில் சேர்க்கப்பட்டு அப்போது இரண்டு மாதங்கள்கூட நிறைந்திருக்கவில்லை. பிட்ஸ்பர்க்கில் பணியாற்றிய நைஜீரிய மருத்துவர் பென்னட் ஒமாலு வெப்ஸ்டரின் மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, தொடர் மோதல்களால் விளையும் சிதைவை அதில் கண்டார். 2005 இல் வெளியான அந்த ஆய்வைத் திரும்பப் பெற வேண்டும் என்று கால்பந்து அமைப்பின் மருத்துவக் குழு கோரியது. பல ஆண்டுகள் கழித்தே உண்மையை ஏற்றார்கள்.

டிராஃப்டின்போது வீரரின் உயரம், எடை, வேகம் எல்லாம் அளக்கப்படுகின்றன. எல்லோரும் பார்த்தவற்றை மட்டும் பார்த்தவர்கள் யுனைட்டஸை அனுப்பினார்கள், ஸ்டால்வர்த்தை விட்டார்கள். பிட்ஸ்பர்க் எழுந்தது, மற்றவர்கள் பார்க்காத இடத்தைப் பார்க்கத் தெரிந்த ஒருவருக்கு நாற்காலி போட்டுக் கொடுத்ததால். ஆனால் அந்தக் கூர்மையான கண்களும் சென்டரின் தலைக்கவசத்துக்குள் நிகழ்ந்ததைப் பார்க்கவில்லை. அதைக் காண இன்னொரு வெளியாள் வர வேண்டியிருந்தது. அவரையும் முதலில் நம்ப மறுத்தார்கள்.

பில் நன் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த அணியோடு இருந்தார். அவர் மகனும் பில் நன்தான். ஸ்பைக் லீயின் டூ தி ரைட் திங் படத்தில் பெரிய ரேடியோவைச் சுமந்து நடக்கும் ரஹீமாக நடித்தவர். தந்தை 2014 இல் மறைந்தார். 2021 இல் அவர் பெயர் புகழ்மண்டபத்துக்குத் தெரிவாயிற்று. பங்களிப்பாளர் என்ற பிரிவில் அங்கே இடம்பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர். அவர் ஆண்டுதோறும் வெளியிட்ட பட்டியல்கள் அச்சான பழைய கூரியர் இதழ்கள் நூலகங்களின் நுண்படச் சுருள்களில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம், அன்றும் அப்படித்தான்.